தண்ணீர் வராத ஐஸ் பெட்டியும் பின்வரிசைக் கடை அண்ணனும்

எங்கள் வீட்டு ஐஸ் பெட்டி 2016 தீபாவளிக்கு வாங்கியது. பக்கம் பக்கமாகத் திறக்கும் இரண்டு கதவு, இடது கதவில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் வரும் டிஸ்பென்சர். லயத்து வீட்டிலேயே பாதி ஆயுளைக் கழித்த எங்கம்மாவுக்கு அன்றைக்கே அது பிடிக்கவில்லை. "குழாய்த் தண்ணிய பெட்டிக்குள்ள விட்டு, முன்பக்கமா வந்து திரும்பப் பிடிக்கணுமா?" என்றார். பிள்ளைகளோ அதிலிருந்து வராத தண்ணீரைத் தண்ணீராகவே மதிக்கமாட்டார்கள். ஒன்பது வருடம் ஓடியபின், போன மாதம் டிஸ்பென்சர் வேலையை நிறுத்திக்கொண்டது. உள்ளே எல்லாம் நன்றாகக் குளிர்கிறது, ஐஸ் கிரீம் கல்லாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் இல்லை.

முதலில் வடிகட்டியைத்தான் சந்தேகப்பட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், நான் மாற்றி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போதாக்குறைக்கு எங்கள் பக்கம் தண்ணீர் வெட்டு வந்து திரும்பும்போதெல்லாம் முதல் அரை மணி நேரம் குழாயில் தேநீர் நிறம்தான். இணையத்தில் 45 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) ஒரு போலி வடிகட்டி வாங்கிப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் பெட்டியின் நிறுவனத்தையே அழைத்தேன். எந்த நிறுவனம் என்று எழுதவில்லை, வீண் வம்பு எதற்கு. ஷா ஆலாமிலிருந்து ஒரு தம்பி வந்தார், வந்து பார்த்ததற்கே 80 வெள்ளி. பின்பக்கம் போய் டார்ச் அடித்துப் பார்த்தார், முன்பக்கம் வந்து பொத்தானை அழுத்தினார், பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்: கதவிலுள்ள மின்னணு போர்டு, தண்ணீர் வால்வு, கூலி, எல்லாம் சேர்த்து 780 வெள்ளி. சாமான் வர மூன்று வாரம், வராமலும் போகலாமாம். "பழைய மாடல், புதுசா வாங்கிடுங்க மேடம்." எங்கம்மா நடுவில் புகுந்து, கதவைத் திறந்து மூடும்போது டிஸ்பென்சர் விளக்கு மினுக்கு மினுக்கென்று அணைந்து எரிகிறது என்று இரண்டு தடவை சொன்னார். அந்தத் தம்பி தலையாட்டிவிட்டு ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

சாமான் இல்லை என்று இப்படிச் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 37ஆம் பிரிவின்படி, நியாயமான காலத்துக்கு உதிரிப் பாகமும் பழுது பார்க்கும் வசதியும் கிடைக்கும்படி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஒன்பது வருடம் நியாயமான காலமா இல்லையா என்று வாதாட எனக்கு அந்த வாரம் தெம்பில்லை, அது வேறு.

சரி, புதுசு பார்க்கலாம் என்று கோலசிலாங்கூருக்குக் கிளம்பிவிட்டேன். அதே அளவு, அதே டிஸ்பென்சரோடு 3,299 வெள்ளி. விற்பனையாளர் ஒரு கணக்குச் சொன்னார், நீங்களும் கேட்டிருப்பீர்கள்: பழுதுச் செலவு புதுப்பெட்டி விலையில் பாதிக்கு மேல் போனால் மாற்றிவிடு, இல்லையென்றால் சரிசெய். 780 பாதிக்குப் பக்கத்தில்கூட வரவில்லையே என்று நான் கணக்குப் போடும்போதுதான் பக்கத்தில் 1,500 வெள்ளிக்கு ஒரு சாதாரண இரண்டு கதவுப் பெட்டி கண்ணில் பட்டது. டிஸ்பென்சர் கிடையாது, 5 நட்சத்திர மின்சேமிப்பு முத்திரை, அந்த முத்திரையிலேயே வருடத்துக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்று போட்டிருக்கிறது. உண்மையில் நான் மாற்றினால் இதைத்தான் வாங்குவேன். அப்போது 780 என்பது பாதிக்கு மேலே! ஆக அந்தக் கணக்கு நாம் எந்தப் பெட்டியின் விலையை வைத்துப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு பக்கமும் பேசும். வாங்காமல் திரும்பிவிட்டேன்.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்வரிசையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை இருக்கிறது. வாசலில் துணி துவைக்கும் இயந்திரங்கள், காற்றாடிகள், துருப்பிடித்த ஏர்கோன் பெட்டிகள், நடுவில் ஒரு அண்ணன். நாளைக்கு வருகிறேன் டீச்சர் என்றவர் மூன்றாம் நாள்தான் வந்தார், அதுவும் நான் இரண்டு தடவை போன் அடித்தபின். இதற்கு மதிப்பெண் குறைக்கிறேன்.

ஆனால் வந்தவர் முதலில் கேட்டது, "எப்படி நின்னுச்சு? பட்டுனு நின்னுச்சா, விட்டு விட்டு வந்துச்சா?" அம்மா தன் மினுக்கு விளக்குக் கதையைத் தொடங்கினார். அண்ணன் சிரித்தார். "அம்மா, நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களே."

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, இடது கதவுக்கு மேலே கீலை மூடியிருந்த பிளாஸ்டிக்கைக் கழற்றினார். உள்ளே நூல்போல மெல்லிய ஏழெட்டு வயர்கள், பெட்டியிலிருந்து கதவுக்குள் போகின்றன. கதவு திறக்கும்போதெல்லாம் அவை ஒரே இடத்தில் மடங்கும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்பது வருடம் மடங்கினால் என்ன ஆகும்? நீல வயர் மேல்தோல் அப்படியே இருக்க உள்ளே செம்பு அறுந்திருந்தது, லேசாக இழுத்ததும் மிட்டாய் மாதிரி நீண்டது. பக்கத்திலிருந்த வெள்ளையும் அதே கதிக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் வெட்டி, கொஞ்சம் கூடுதல் வயர் வைத்து ஈயம் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டி, இனி இழுபடாதபடி சின்ன வளையம் விட்டு அடக்கினார். போர்டும் நல்ல போர்டு, வால்வும் நல்ல வால்வு. தண்ணீர் வந்தது. வேகம் குறைவாக இருந்ததால் நான் தொடாத பின்பக்க வடிகட்டியையும் மாற்றினார், அதை என் முன்னால் கவிழ்த்தபோது வந்த நிறத்தை எழுதினால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள். புது வடிகட்டி போட்டதும் முதல் சில லிட்டரைப் பிடித்துக் கொட்டச் சொன்னார்.

ஐஸ் கட்டி வரும் பக்கத்தை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். அங்குள்ள மூடியின் ரப்பர் தேய்ந்து, வெளிக்காற்று உள்ளே போய் உறைபனி கட்டிக்கொண்டிருந்தது. "கரண்டு பில்லுதான் ஏறும் டீச்சர்." ஐஸ் போடும் பகுதியை நிறுத்தி, வாயை உள்ளிருந்து அடைத்துவிட்டார். இப்போது தட்டில் ஊற்றி ஐஸ் வைக்கிறோம், யாரும் செத்துப்போகவில்லை.

எப்போது மாற்றியே ஆகவேண்டும் என்று கேட்டேன். பெட்டியே குளிராமல் போனால் யோசி என்றார். கம்ப்ரெசர் போனால், அல்லது சுவருக்குள் நுரையில் புதைந்த குழாயில் குளிரூட்டும் கேஸ் கசிந்தால் அதற்குமேல் காசைக் கொட்டாதே. கம்ப்ரெசருக்கு 10 வருட உத்தரவாதம் என்று ஒட்டியிருந்தாலும் பெரும்பாலும் அந்தப் பாகத்துக்கு மட்டும்தான், கேஸும் கூலியும் நம் கையிலிருந்து. புதுப்பெட்டிகளில் வரும் ஆர்600ஏ கேஸ் தீப்பிடிக்கக்கூடியது, அதனால் யாரையாவது கூப்பிட்டு நெருப்பு வைத்துக் குழாயைப் பற்றவைக்க விடாதே என்றும் சொன்னார்.

மொத்தம் 130 வெள்ளி, வடிகட்டியோடு. ரசீது கேட்டேன், நாளைக்குத் தருகிறேன் என்றார். இன்றோடு பதினோரு நாள். கீல் மூடியில் ஒரு திருகு குறைகிறது, அதை அவர் சட்டைப்பையில் போட்டதை அம்மா பார்த்தாராம்.