விமான நிலையத்தை ஒட்டிய புறநகர்: அகலமாக வளர்வதா, உயரமாக வளர்வதா, விமான நிலையத்தையே நகர்த்துவதா?

ஒரு விமான நிலையம் வந்துவிட்டால் அதைச் சுற்றி ஊர் வளர்ந்தே தீரும். விமானத்தில் பறப்பவர்களால் அல்ல, அங்கே வேலை பார்ப்பவர்களால். பெட்டி ஏற்றி இறக்குபவர், பாதுகாப்புச் சோதனையில் நிற்பவர், உணவுப் பொட்டலம் கட்டுபவர், டாக்ஸி ஓட்டுபவர், சரக்குக் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர் என்று பட்டியல் நீளும். அதிகாலை 3 மணிக்கு வேலையில் நிற்க வேண்டியவருக்கு அந்த நேரத்தில் பஸ்ஸும் இருக்காது, ரயிலும் இருக்காது. பக்கத்திலேயே வீடு பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. அவர் குடிவந்த பின்னால் கடை வரும், பள்ளிக்கூடம் வரும், கிளினிக் வரும். கொஞ்ச வருடங்களில் வெட்டவெளி புறநகராகிவிடும்.

இப்படிப் பெருகும் மக்களை எங்கே, எப்படிக் குடிவைப்பது? நடைமுறையில் மூன்று வழிகள் பேசப்படுகின்றன. மனைகளாகப் பிரித்து வெளியே பரவுவது, அடுக்குமாடிகளாக மேலே போவது, விமான நிலையத்தையே வேறிடத்துக்குக் கொண்டுபோவது. என் மனம் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. எங்கே என்பதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு. அதை முதலில் அவிழ்த்துவிடுகிறேன்.

பாதிப்பு வட்டமாக இல்லை

"விமான நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான் வீடு தேடும் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி போதாது. விமானச் சத்தம் நாலா பக்கமும் ஒரே அளவில் பரவுவதில்லை. ஓடுபாதையின் இரண்டு முனைகளிலிருந்தும் நீண்டு போகும் ஒல்லியான பட்டையாகத்தான் அது விழுகிறது. தரையிறங்கும் விமானம் பெரும்பாலும் 3 டிகிரி சரிவில் வரும். அப்படி வந்தால் தரைதொடும் இடத்துக்கு 2 கிலோமீட்டர் முன்னால் அதன் உயரம் சுமார் 105 மீட்டர்தான். 5 கிலோமீட்டர் தள்ளியும் 260 மீட்டர்தான். அதே 2 கிலோமீட்டரை ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் போனால் கதையே வேறு. கிளம்பும்போது வரும் எஞ்சின் இரைச்சல் அங்கேயும் கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் தலைக்கு மேல் எதுவும் உரசிக்கொண்டு போகாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் ஓடுபாதைக்கு நேர்கோட்டில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். வீடு பார்க்கப் போன நாளில் ஒரு விமானம்கூட மேலே போகவில்லை. "எல்லாம் அந்தப் பக்கமாத்தான் இறங்கும்" என்றார் வீட்டைக் காட்டியவர். அன்றைக்கு அது உண்மைதான். விமானங்கள் எதிர்க்காற்றில்தான் ஏறும், எதிர்க்காற்றில்தான் இறங்கும். நாலைந்து மாதத்தில் காற்றுத் திசை மாறியது. ஒரு ராத்திரி அலமாரிக் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும் சத்தத்தில் விழித்தேன். அதற்கப்புறம்தான் விமானமே கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, அது கடந்து போனதும் மீதியைச் சொல்வோம். ஒரு மாதம் போனதும் எதிர்முனையில் இருப்பவர்களும் சேர்ந்து நிறுத்தப் பழகிக்கொண்டார்கள்.

அகலமாக வளர்ந்தால்

மனைப்பிரிவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நிலம் சொந்தம். கையில் காசு சேரச் சேர ஒரு அறை, அப்புறம் ஒரு மாடி என்று கட்டிக்கொள்ளலாம். பெரிய முதலீட்டாளர் யாரும் தேவையில்லை. கட்டடம் தாழ்வாக இருப்பதால் விமானப் பாதைக்கு இடைஞ்சலும் வராது. சம்பளக்காரக் குடும்பங்கள் இதை விரும்புவதில் தப்பே இல்லை.

செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு மனையும் தெருவைப் பார்த்து 12 மீட்டர் அகலம் என்று வையுங்கள். தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள் வந்தால் வீட்டுக்கு 6 மீட்டர் தெரு. ஆயிரம் வீட்டுக்கு 6 கிலோமீட்டர் தெரு, 6 கிலோமீட்டர் குடிநீர்க் குழாய், 6 கிலோமீட்டர் பாதாளச் சாக்கடை, தெருவின் ஒரு பக்கம் மட்டும் போட்டாலும் 6 கிலோமீட்டர் மழைநீர் வடிகால். இதே ஆயிரம் குடும்பங்கள் ஐந்து மாடிக் கட்டடங்களில் இருந்தால் இதில் சிறு பங்கு போதும். அதனால்தான் மனைப்பிரிவுகளில் வீடு முதலில் வருகிறது, குழாய் வருவதே இல்லை. ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு, ஆளுக்கொரு செப்டிக் டேங்க். இரண்டும் அரைகுறை இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆழ்துளைக் கிணறு வற்றியதும் தண்ணீர் லாரி வரும். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று இந்திய அரசின் குடிநீர்க் கையேடு கணக்கு வைக்கிறது. பத்தாயிரம் பேர் உள்ள ஒரு பகுதிக்கு அது 13.5 லட்சம் லிட்டர். முழுக்க 12,000 லிட்டர் டேங்கர்களில் கொண்டுவந்தால் தினம் 113 நடை. எடை தாங்காத தெருவில் 113 நடை லாரி போனால் அந்தத் தெரு ஒரு மழைக்கு நிற்காது.

மழை என்றதும் இன்னொன்று. விமான நிலையத்துக்குப் பரந்த, தட்டையான நிலம் வேண்டும். தட்டையான நிலம் பல ஊர்களில் ஆற்றோரமாகவோ, வெள்ளம் பரவும் தாழ்நிலமாகவோதான் இருக்கிறது. 3 கிலோமீட்டர் நீளம், 45 மீட்டர் அகலமுள்ள ஓர் ஓடுபாதையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1.35 கோடி லிட்டர் தண்ணீர். அதில் ஒரு சொட்டும் நிலத்தில் இறங்காது, எங்காவது ஓடியாக வேண்டும். விமானங்கள் ஓடுபாதைக்குப் போய்வரும் டாக்ஸிவே, அவை நிற்கும் தளம், கார் நிறுத்தும் இடம் எல்லாம் தனிக்கணக்கு. ஓடும் வழியில் இருந்த வாய்க்காலை மனையாக்கிவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும், சில நேரம் திரும்பி ஓடுபாதைக்கே போகும். சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுதளமெங்கும் தண்ணீர் நின்று, அந்த விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது.

பரவி வளர்வதை நான் ஏற்காததற்கு வீட்டின் அளவு காரணமல்ல. குழாயும் வடிகாலும் ஒருநாளும் வீட்டைத் துரத்திப் பிடிக்க முடியாது என்பதுதான் காரணம்.

உயரமாக வளர்ந்தால்

"விமான நிலையம் பக்கத்தில் மாடி கட்ட விடமாட்டார்களே?" என்று உடனே கேட்பார்கள். பாதிதான் சரி. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, பெரிய ஓடுபாதைகளைச் சுற்றி 4 கிலோமீட்டர் வரை பொதுவான உச்சவரம்பு விமான நிலைய மட்டத்திலிருந்து 45 மீட்டர். அதற்குள் பத்து மாடிக்குமேல் தாராளமாக அடங்கும். வரம்பு இறுகுவது ஓடுபாதைக்கு ஒட்டியும் அதன் முனைகளிலும்தான். முனையிலிருந்து வெளியே போகப்போக அங்கே 100 மீட்டருக்கு 2 மீட்டர் என்ற கணக்கில்தான் உயர அனுமதி. ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் 20 மீட்டருக்குள்தான் கட்ட முடியும். ஆக, உயர விதியும் சத்தத்தின் பட்டையும் ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொல்கின்றன: முனையை விடு, பக்கவாட்டுக்குப் போ.

என் கணக்கில் வானளாவிய கோபுரங்கள் தேவையே இல்லை. ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஐந்தாறு மாடி போதும். குழாய் குறையும், பஸ்ஸில் ஏற ஆள் இருப்பார்கள், மிச்சமாகும் நிலத்தில் ஏரியையும் வாய்க்காலையும் விட்டுவைக்கலாம்.

இதிலும் ஆபத்து உண்டு. மனைப்பிரிவில் பிரச்சினை மெல்ல வரும், அடுக்குமாடியில் ஒரே மாதத்தில் வரும். ஐநூறு குடும்பங்கள் ஒன்றாகக் குடியேறினால் அன்றைக்கே கழிவுநீர் கிளம்பிவிடும். கொடுக்கிற தண்ணீரில் சுமார் 80 சதவீதம் சாக்கடைக்குத்தான் போகிறது. சுத்திகரிப்பு நிலையம் ஓடாமல் குடியேற அனுமதி கொடுத்தால், பக்கத்து ஏரிதான் செப்டிக் டேங்க். டிரான்ஸ்பார்மர், பள்ளியில் இடம், ஆம்புலன்ஸ் நுழையும் அகலத்தில் சாலை, எல்லாமே இந்தக் கதைதான்.

அப்புறம் சத்தம். அடுக்குமாடியில் சத்தம் தடுக்கும் ஜன்னல் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். நன்றாக மூடிய இரட்டைக் கண்ணாடி ஜன்னல் 30 டெசிபலுக்கு மேலும் குறைக்கும், உண்மைதான். ஜன்னலைத் திறந்தால் 10, 15 டெசிபல்தான் குறையும். அதாவது காசு போட்டு வாங்கிய அமைதி, காற்று வேண்டும் என்று கைப்பிடியைத் திருப்பியதும் போய்விடும். பால்கனிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் எந்தக் கண்ணாடியும் இல்லை. நெதர்லாந்தில் ஸ்கிபோல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நல்ல முயற்சி செய்தார்கள். உழுத வயல்களில் இரைச்சல் குறைவதைக் கவனித்து, ப்யூடன்ஸ்கொட் என்ற பூங்காவையே மண் வரப்புகளாக அமைத்தார்கள். ஆனால் அது தரையிலிருந்து வரும் இரைச்சலைத்தான் தடுக்கும். மேலே பறப்பதை எந்த வரப்பும் தடுக்காது.

எவ்வளவு சத்தம் வரை வீடு கட்டலாம்? நாட்டுக்கு நாடு கோடு மாறுகிறது. அமெரிக்காவில் சராசரி 65 டெசிபல் வரை குடியிருப்புக்கு ஏற்றது என்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு 2018ல் விமானச் சத்தம் 45 டெசிபலுக்குள்ளும், இரவில் 40க்குள்ளும் இருக்கவேண்டும் என்றது. கணக்கிடும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் இடையில் 20 டெசிபல். காதுக்கு அது ஏறக்குறைய நாலு மடங்கு வித்தியாசம். குழந்தை தூங்கும் அறைக்கு எந்தக் கோடு என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

விமான நிலையத்தையே நகர்த்தினால்

கேட்க நன்றாக இருக்கிறது. ஹாங்காங் இதைச் செய்து காட்டியது. கௌலூனின் கூரைகளுக்கு மேல் திரும்பி இறங்க வேண்டியிருந்த காய் டாக் விமான நிலையத்தை 1998 ஜூலையில் மூடி, செக் லாப் கோக் தீவுக்குப் போனார்கள். அதே ஆண்டு விமான நிலைய ரயிலும் ஓடத் தொடங்கியது. பக்கத்திலேயே துங் சுங் என்ற புதுநகரம் எழுந்தது. காய் டாக் நிலத்தில் இப்போது வீடுகள் நிற்கின்றன. பாலம், ரயில், வீடு எல்லாம் ஒரே திட்டத்தில் இருந்ததால்தான் அது நடந்தது.

அப்படி எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யாத ஊரையும் பாருங்கள். கனடாவில் மாண்ட்ரியலுக்கு வெளியே மிராபெல் விமான நிலையம் 1975ல் திறந்தது. அதற்காக விவசாயிகளிடமிருந்து சுமார் 390 சதுர கிலோமீட்டர் நிலத்தை எடுத்தார்கள். நகரத்திலிருந்து அதிவேக ரயில் வரும் என்றார்கள், வரவே இல்லை. 2004ல் பயணிகள் விமானம் நின்றுபோனது. எடுத்த நிலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வீட்டையும் வயலையும் விட்டுப்போன குடும்பத்துக்கு எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்?

ஜப்பானின் ஒசாகாவில் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இதாமி விமான நிலையச் சத்தத்தை எதிர்த்து அங்குள்ள மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1994ல் கடலில் செயற்கைத் தீவு அமைத்து கன்சாய் விமான நிலையத்தைத் திறந்தார்கள். ஆனால் இதாமி மூடப்படவில்லை. அதை நம்பி இருந்த வேலைகளும் வருமானமும் போய்விடும் என்று சுற்றுவட்டாரமே பிறகு யோசித்தது. இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை அங்கே விமானம் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றில் இதுதான் அதிகக் காலமும் அதிகப் பணமும் கேட்பது. ஆஸ்திரேலிய அரசு சிட்னியின் இரண்டாவது விமான நிலையத்துக்கு பாட்ஜரிஸ் கிரீக்கைத் தேர்ந்தெடுத்தது 1986ல். கட்டலாம் என்று உறுதியானது 2014ல். நகர்த்துவதை நம்பி இன்றைக்கு வடிகால் போடாமல் விட்டால் ஒரு தலைமுறை தண்ணீரில் நிற்கும்.

நான் எதை எடுப்பேன்

தண்ணீர், சாக்கடை, பஸ் என்று பார்த்தால் உயரம் ஜெயிக்கிறது. கையிலுள்ள காசுக்கு வீடு என்று பார்த்தால் அகலம். தூக்கம் என்று மட்டும் பார்த்தால் நகர்த்துவது, ஆனால் அந்தச் சத்தம் இன்னொரு ஊரின் தலையில் இறங்கும். என் தேர்வு, ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் ஐந்தாறு மாடிகள். முனைப் பட்டையில் வீட்டுக்குப் பதில் கிடங்கு, பட்டறை, குளிர்பதனக் கூடம். சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கிய பின்பே குடியேற அனுமதி. சிட்னியில் 1995ல் சட்டம் போட்டு இரவு 11லிருந்து காலை 6 வரை பெரும்பாலான விமானங்களை நிறுத்தியதுபோல ஓர் இரவுத் தடை. ராத்திரி ஷிஃப்ட் வேலைகள் குறையும் என்பது உண்மை, அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். முனையில் ஏற்கெனவே குடியிருப்பவர்களை விரட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அவர்களுக்குச் சத்தம் தடுக்கும் ஜன்னலும் காற்றோட்ட வசதியும் விமான நிலையச் செலவில் வர வேண்டும். வேறிடம் போக விரும்பினால் வீட்டை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் நடக்கும்வரை வீடு தேடுபவர் தானே பார்த்துக்கொள்ளலாம். ஓடுபாதைக்கு 09/27 என்பதுபோல் எண் இருக்கும். பத்தால் பெருக்கினால் திசை: 90 டிகிரி கிழக்கு, 270 டிகிரி மேற்கு. வரைபடத்தில் ஓடுபாதையை இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து நீட்டிக் கோடு போடுங்கள். பார்த்த வீடு அந்தக் கோட்டிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டராவது பக்கவாட்டில் தள்ளி இருக்கட்டும். விமானங்கள் ஏறியதும் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். காற்று மாறும் பருவத்தில் எப்படி இருக்கும் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். கடைசியாக, பெருமழை விட்ட மறுநாள் காலையில் ஒருமுறை போங்கள். தெருவில் நிற்கும் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது, உண்மையில் நகர்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.