வெர்டிக்கியோவை மீனுக்கு மட்டும் எழுதிவைத்தது யார்?

இத்தாலியின் மார்க்கே பகுதியில், அட்ரியாட்டிக் கரையோர உணவகங்களில் மீன் கேட்டால் வெர்டிக்கியோவும் கூடவே மேசைக்கு வந்துவிடும். நல்ல வழக்கம்தான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் இந்த வெள்ளை ஒயினில் பாதியைத்தான் குடித்திருக்கிறார்கள் என்பது என் கட்சி.

நான் வழக்கமாக வாங்குவது வெர்டிக்கியோ டெய் காஸ்டெல்லி டி யேசி, அதிலும் கிளாசிக்கோ சுப்பீரியோரே, அதாவது பழைய மையப் பகுதியில் விளையும் மேல்தர வகை. யேசி நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளையும் திராட்சை. (பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் 1194இல் பிறந்த ஊர் அது, ஊர்க்காரர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.) வெளிர் வைக்கோல் நிறம், ஓரத்தில் பச்சைச் சாயல். முதல் வாயில் எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும். பிறகு பெருஞ்சீரகம் போன்ற ஒரு மணம். விழுங்கிய பின் பாதாம் தோலின் மெல்லிய கசப்பு நாக்கில் தங்குகிறது. அந்தக் கசப்பைக் குறையென்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதற்காகத்தான் இந்த ஒயினே.

காரணம், எண்ணெய். அஸ்கோலி ஊரின் பெரிய பச்சை ஆலிவ் காய்களில் கொட்டை நீக்கி, கொத்திறைச்சி அடைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். சூடாகச் சாப்பிட்டால் மூன்றாவது காயிலேயே வாய் மந்தமாகிவிடும். ஒரு மிடறு வெர்டிக்கியோ போதும்: புளிப்பு எண்ணெயை அறுக்கிறது, ஆலிவின் கசப்பை ஒயினின் கசப்பு எதிர்கொண்டு சமன் செய்கிறது. நான்காவது காய்க்குக் கை தானாக நீளும். மார்க்கேயில் நான் கண்ட பொருத்தங்களில் முதலிடம் இதற்குத்தான், மீனுக்கு இல்லை.

அடுத்தது காட்டுப் பெருஞ்சீரகமும் பூண்டும் சேர்த்துச் சமைக்கும் முயல், கொனிலியோ இன் போர்கெத்தா. ஒயினில் ஏற்கெனவே இருக்கும் மணம் தட்டிலும் இருப்பதால் இரண்டும் ஒரே சமையலறையில் பிறந்தவைபோல் ஒத்துப்போகின்றன.

மீனை அவமதிக்கவில்லை. அன்கோனாவின் புரொதெத்தோ மீன் குழம்பில் தக்காளியோடு வினிகரும் சேரும். 13 வகை மீன் போடுவதுதான் மரபு என்பார்கள். வினிகர் பல வெள்ளை ஒயின்களைத் தண்ணீராக்கிவிடும். வெர்டிக்கியோவின் புளிப்பு அதற்கு ஈடுகொடுக்கிறது. உருளைக்கிழங்கும் தாராளமான ஆலிவ் எண்ணெயுமாக வேகும் காய்ந்த காட் மீன், ஸ்தொக்காஃபிசோ, இன்னும் எளிது: சமைக்கும்போதே இந்த ஒயினை ஊற்றுகிறார்கள், குடிப்பதற்கு வேறு எதைத் தேடுவது?

ஒத்துவராததும் உண்டு. கோழி ஈரலும் இறைச்சிச் சாறும் அடுக்கடுக்காக வரும் வின்சிஸ்கிராசி என்ற பாஸ்தாவோடு இளம் வெர்டிக்கியோ மெலிந்து காணாமல் போகிறது. அதற்கு ரிசெர்வா வேண்டும். குறைந்தது 18 மாதம் முதிரவைத்த பிறகே விற்பனைக்கு வருவது. இல்லையென்றால் பேசாமல் சிவப்பு ரோசோ கோனேரோவுக்குப் போய்விடலாம்.

அதிகம் கெடுப்பது குளிர்தான். ஒரு கடற்கரை உணவகத்தில் பனிக்கட்டிக்குள் புதைத்த புட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். எலுமிச்சையும் இல்லை, பாதாமும் இல்லை, வெறும் சில்லிப்பு. அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகுதான் ஒயினுக்கு உயிர் வந்தது. 10 முதல் 12 டிகிரி போதும்.

பழங்காலச் சாடி வடிவில் இடுப்பொடுங்கிய பச்சைப் புட்டியைக் கடைகளில் பார்க்கலாம். 1950களில் ஃபாத்சி பத்தாலியா நிறுவனம் அறிமுகப்படுத்தியது. இந்த ஒயினை உலகுக்குக் காட்டியதே அதுதான். அழகான புட்டி, ஆனால் உள்ளே இருப்பதன் தரத்தை வடிவம் சொல்லாது. லேபிளையே பாருங்கள்.

அந்த லேபிளில் மத்தேலிக்கா என்று இருந்தால் அது கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் மத்தேலிக்கா ஊர்ப் பக்கத்து வெர்டிக்கியோ. கடல் பக்கம் மலை மறித்த, வடக்கு தெற்காக ஓடும் பள்ளத்தாக்கு. இரவில் குளிர் அதிகம். புளிப்பு இன்னும் கூர்மையாக இருக்கும். தனியாகக் குடிக்க எனக்குச் சற்றுக் கடுமை. கொழுப்பான பன்றி இறைச்சியோடு அருமை.

நல்ல கிளாசிக்கோ சுப்பீரியோரே இத்தாலியக் கடைகளில் பத்து யூரோவை ஒட்டிக் கிடைக்கிறது. போன ஆண்டு அறுவடையைவிட அதற்கு முந்தைய ஆண்டுப் புட்டி இருந்தால் அதையே எடுங்கள். மீந்தால் மூடி குளிர்பெட்டியில் வையுங்கள், மறுநாளும் நன்றாகவே இருக்கும்.