ஒற்றை அடுக்குப் பெயிண்டும் கிளியர் கோட்டும்

பழைய கார்களின் பெயிண்ட் உறுதியானது, இன்றைய பெயிண்ட் தொட்டாலே கீறிவிடுகிறது என்ற குறையில் பாதிதான் உண்மை. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் அமைந்த பழைய முறையையும், நிறம் தரும் பேஸ் கோட்டின் மேல் நிறமற்ற கிளியர் கோட்டைப் பூசும் இன்றைய முறையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எது எங்கே தோற்கிறது என்பது புலப்படும்.

வெயிலைத் தாங்குவதில் போட்டியே இல்லை. ஒற்றை அடுக்கில் நிறமிகள் நேரடியாக வெயிலில் காய்வதால், காலப்போக்கில் அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின் சிதைந்து மேற்பரப்பு சுண்ணாம்புத் தூள் படிந்ததுபோல் வெளிறிவிடும். மெட்டாலிக் நிறங்களில் அலுமினியத் துகள்களும் கருத்துப்போகும். கிளியர் கோட்டில் கலக்கப்படும் புறஊதாக் கதிர் உறிஞ்சிகள் அடியிலுள்ள நிறத்தைக் காக்கின்றன. பளபளப்பின் ஆழத்திலும் இதுவே முந்துகிறது.

ஆனால் இந்தக் காவல் மிக மெல்லியது. தொழிற்சாலைப் பெயிண்டின் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 140 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 40 மைக்ரான். கீறலை நீக்க ஒவ்வொரு முறை அழுத்தி பாலிஷ் போடும்போதும் அதில் சில மைக்ரான்கள் குறைவதால், பளபளப்புக்காக அடிக்கடி பாலிஷ் போடுபவர்கள் காரின் ஆயுள் காப்பையே தேய்க்கிறார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பறவை எச்சத்தை உடனே கழுவாவிட்டால், வெயிலில் சூடேறி இளகும் கிளியர் கோட்டில் நிரந்தரத் தடம் பதிந்துவிடும். பரவலாகப் பயன்படும் மெலமைன் வகைக் கிளியர் கோட்டை அமிலம் எளிதில் அரிக்கும். இரு கூறுகளைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் வகை இதில் மேலானது.

பழுதுபார்ப்பில் பழைய முறைக்கே என் வாக்கு. வெளிறிய ஒற்றை அடுக்கைத் தேய்த்தால், தடிமன் மிச்சமிருக்கும்வரை அடியிலிருந்து புதிய நிறம் வெளிவரும். கிளியர் கோட் ஒருமுறை உரியத் தொடங்கினால் எந்த பாலிஷும் உதவாது. அந்தப் பகுதியைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் பூசத்தான் வேண்டும்.

எனவே மெட்டாலிக் நிறம் வேண்டுவோருக்குக் கிளியர் கோட்டே பொருத்தம். வெள்ளை போன்ற தனி நிறத்தில் ஓடி, அடிக்கடி உரசல் வாங்கும் சரக்கு வண்டிக்கு ஒற்றை அடுக்கே போதும்.