மூணு இன்ச் காயில்னு ஒன்றே முக்கால் இன்ச் கொடுத்தார்கள்: ₹18,600 போச்சு

ஸ்பீக்கர் பார்ட்ஸ் விற்கும் ஆன்லைன் தளம் ஒன்று. பெயர் போட்டால் பதிவைத் தூக்கிவிடுவார்கள். கம்ப்ரஷன் டிரைவர் (ஹை சத்தம் எழுப்பும் யூனிட்) ரெண்டு, அதன் முன்னால் மாட்டும் புனல் மாதிரி ஹார்ன் ரெண்டு, "மேட்ச் பண்ணிய செட்", ₹18,600. 1.4 இன்ச் வாய் (டிரைவரில் சத்தம் வெளிவரும் ஓட்டை), மூணு இன்ச் காயில் (உள்ளே ஆடும் கம்பிச் சுருள்), 8 ஓம்ஸ் என்று போட்டிருந்தது.

பணம் போடும் முன் வாயை அளந்து போட்டோ கேட்டேன். பத்தே நிமிஷத்தில் வந்தது. வெர்னியரில் 36 மி.மீ., நாலு போல்ட் ஓட்டையும் 102 மி.மீ. வட்டத்தில். அதை நம்பித்தான் ஏமாந்தது. அளந்தது வாயை இல்லை, முன்னால் ஒட்டிய பிளேட்டை! டார்ச் அடித்தால் சில மி.மீ. உள்ளே படிக்கட்டு மாதிரி ஒரு விளிம்பு, அதற்குப் பின்னால்தான் நிஜ வாய், 25 மி.மீ. ஒரு இன்ச் டிரைவருக்கு முகமூடி.

டிரைவரின் வாயும் ஹார்னின் தொண்டையும் (டிரைவர் சேரும் ஓட்டை) ஒரே விட்டத்தில், ஒரே சாய்வில் சேர வேண்டும். நடுவில் படி இருந்தால் அலை அங்கே மோதித் திரும்பும். ஹையில் மேடும் பள்ளமும் வரும், காதைக் கிழிக்கும், ஈக்யூ போட்டாலும் அடங்காது. அதைவிட மோசம் காயில். மூணு இன்ச் என்று நம்பி 1,000 ஹெர்ட்ஸில் கிராஸ் வைத்தாயிற்று, அதாவது அதற்கு மேலுள்ள சத்தம் எல்லாம் இந்த டிரைவருக்கு. ஒன்றே முக்கால் இன்ச்சுக்கு 1,600-ஆவது வேண்டும். கீழே போகப் போக டயாஃப்ராம் (காயில் ஒட்டிய மெல்லிய தகடு) அதிகம் ஆடும். கல்யாண மண்டபத்தில் ரெண்டாவது மணி நேரம் இடது டாப் (மேல் பாக்ஸ்) செத்தது. கழற்றினால் 44 மி.மீ. காயில், டைட்டானியம் டயாஃப்ராமின் ஓரம் வளையமாகக் கிழிந்திருக்கிறது.

போன் செய்தால், "ஓவர்லோடு குடுத்திருப்பீங்கண்ணே." போட்டோ அனுப்பினால், "மூடியைக் கழட்டிட்டீங்க, வாரண்டி போச்சு." கழட்டாமல் காயிலை எப்படி அளப்பதாம்? தளத்தில் புகார் கொடுத்தால், ரிட்டர்ன் ஏழு நாள்தான், இன்று ஒன்பதாவது நாள். இப்போது போனே எடுப்பதில்லை. ₹18,600!

வாங்கும் முறையை விரிவாக எழுத உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் வரவில்லை. போல்ட் பொருந்தினால் மேட்ச் என்று நினைக்காதீர்கள். வாய்க்குள் டார்ச் அடித்து வீடியோ கேளுங்கள். பார்சல் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். ரெண்டு டிரைவரையும் வந்த அன்றே மீட்டரில் பாருங்கள், ஓம்ஸ் ஒத்துப்போக வேண்டும். முதல் டெஸ்ட்டில் 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை சீரியஸில் போடுங்கள், கீழ் சத்தம் டிரைவருக்குப் போகாமல் தடுக்கும்.

ஹார்ன் மட்டும் நிஜமான 1.4. அதற்கு இனிமேல் டிரைவர் தேட வேண்டும்.