ஜி.ஐ. ஜோ சேர்க்கலாம், ஆனால் எந்த ஜி.ஐ. ஜோ?

சின்ன வயதில் ஜி.ஐ. ஜோ கார்ட்டூன் பார்த்துவிட்டு, சம்பாதிக்கத் தொடங்கியதும் அந்தப் பொம்மைகளைத் தேடுகிறவர் ஆரம்பத்திலேயே குழம்பிப்போவார். ஸ்னேக் ஐஸ் என்ற ஒரே கதாபாத்திரம் மூன்று தலைமுறையாகக் கிடைக்கிறான். ஹாஸ்பரோ நிறுவனம் 1982 முதல் 1994 வரை வெளியிட்ட 3¾ அங்குலப் பொம்மை ஒன்று. 2007-இல் 25-ஆம் ஆண்டு வரிசையாக வந்த, ஏறத்தாழ அதே உயரமுள்ள மறுவடிவம் இன்னொன்று. 2020-இல் தொடங்கிய கிளாசிஃபைட் எனும் ஆறு அங்குல வரிசை மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினால் அலமாரியில் எதுவும் எதனோடும் ஒட்டாது. என் ஓட்டு பழைய வரிசைக்கு, அதிலும் அட்டையைப் பிரித்து விளையாடி முடித்த பொம்மைகளுக்கு. நடுநிலையான தீர்ப்பு வேண்டுமென்றால் இது அதற்கான இடமில்லை.

தோற்றத்தில் போட்டியே கிடையாது. கிளாசிஃபைட்தான் அழகு. முகம் முகமாக இருக்கிறது, முழங்கை முழுதாக மடங்குகிறது, துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடிக்கிறது. பழையதில் 1982-இல் வந்தவற்றுக்குக் கை சுழலவே சுழலாது. முழங்கைக்கு மேலே சுழலும் கை 1983-இல்தான் வந்தது. தலை மேலும் கீழும் அசைய 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புகைப்படம் எடுப்பதுதான் நோக்கம் என்றால் இத்தோடு நிறுத்திவிட்டு கிளாசிஃபைட் வாங்கப் போகலாம்.

இருபது, முப்பது வருடம் வைத்திருப்பதற்காகச் சேர்க்கிறவருக்கு முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: உடைந்தால் சரிசெய்ய முடியுமா? இதில்தான் பழைய பொம்மை மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிறது.

பழைய பொம்மையின் முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றினால் தலை, இரண்டு கைகள், மார்பு, முதுகு, இடுப்புத் துண்டு, கால்கள் என்று எல்லாம் தனித்தனியாக வந்துவிடும். உள்ளே கருப்பு ரப்பர் வளையம் ஒன்று, அதுதான் ஓ-ரிங். அதன் ஒரு முனை மார்புக்குள் ஸ்க்ரூ இறங்கும் தூணில் மாட்டியிருக்கும், மறுமுனை இரண்டு கால்களையும் இணைக்கும் உலோகக் கொக்கியில். கால்களை இடுப்போடு சேர்த்து இழுத்துப் பிடிப்பது இந்த இழுவிசை மட்டுமே. ரப்பர் நாற்பது வருடம் தாங்காது. முதலில் தளர்ந்து இடுப்பு ஆடும், பிறகு ஒருநாள் அறுந்து பொம்மை இரண்டாகப் பிரியும். தெரியாதவர் அதை உடைந்த பொம்மை என்று விற்பார், தெரிந்தவர் குறைந்த விலைக்கு வாங்குவார்.

மாற்றுவது பத்து நிமிட வேலை. ஸ்க்ரூவுக்குச் சரியாகப் பொருந்தும் சிறிய நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். முனை சின்னதாக இருந்தால் வழுக்கி ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும். நேராக அழுத்தியபடி மெதுவாகத் திருகவும். பொம்மையைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை மட்டும் தூக்கினால் உள் அமைப்பு அப்படியே தெரியும். கலைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. புது வளையத்தை முதலில் கொக்கியில் மாட்டி, இடுப்புத் துண்டின் துளை வழியே மேலே இழுத்து, மார்புக்குள் இருக்கும் தூணில் போடவும். கைகளையும் தலையையும் அவற்றின் குழிகளில் உட்காரவைத்து, முதுகை மூடி, ஸ்க்ரூவைப் பிடிப்பு கிடைக்கும் வரை மட்டும் திருகவும். அதற்குமேல் ஒரு சுற்று போனாலும் பிளாஸ்டிக்கில் இருக்கும் மறை தேய்ந்துவிடும். அப்புறம் அந்த ஸ்க்ரூ ஜென்மத்துக்கும் நிற்காது.

வளையத்தின் உள்விட்டம் சுமார் 9.5 மில்லிமீட்டர், தடிமன் சுமார் 2.4 மில்லிமீட்டர். பொம்மைக்குப் பொம்மை சற்று வேறுபடும் என்பதால் இரண்டு அளவு கையிருப்பில் இருந்தால் நிம்மதி. இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று சின்ன வளையம் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. இழுவிசை கூடக்கூடக் கால்கள் இடுப்புத் துண்டை அழுத்தும். அதில் இரண்டு கால்களுக்கு நடுவே இருப்பது மெல்லிய ஒரு பாலம். காலை அகட்டும்போது அது பட்டென்று போய்விடும். கையில் பிடித்து ஆட்டினால் கால் தொங்கக்கூடாது, விரலால் நகர்த்தினால் முரண்டு பிடிக்கவும் கூடாது. அந்த இறுக்கம் போதும்.

இடுப்புத் துண்டு முறிவது பழைய பொம்மையின் மூன்று பெரிய வியாதிகளில் ஒன்று. இரண்டாவது கட்டை விரல். துப்பாக்கியின் பிடி தடிமனாக இருக்கும், விரலோ மெலிசு. வருடக்கணக்கில் ஆயுதத்தோடு நிறுத்தி வைத்தால் அடியில் வெள்ளைக் கோடு விழுந்து ஒடிந்துவிடும். கையையும் பிடியையும் வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் காட்டிவிட்டுச் செருகினால் ஆபத்து குறையும். எடுத்து வைக்கும்போது ஆயுதத்தைக் கழற்றிவிடுவது அதைவிட நல்லது. மூன்றாவது முழங்கை விரிசல். அங்கே ஸ்க்ரூ கிடையாது, உலோக ரிவெட் அடித்திருப்பார்கள், பிரிக்க முடியாது. அதற்கு மருந்து உதிரி பொம்மைதான். தலை போன, சாயம் போன ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி அதன் கையைக் கழற்றி மாட்டலாம்.

இதே வசதி ஏமாற்றுவதற்கும் உதவும். 1984 தலையோடு வேறொரு பொம்மையின் கால்கள் ஜோடி சேர்ந்து சந்தைக்கு வருவது சாதாரணம். வாங்குமுன் முன்பக்கம், பின்பக்கம், ஸ்க்ரூ தலை, இரண்டு கட்டை விரல், கால்களை அகட்டிய நிலை என்று படங்கள் கேட்டு வாங்கவும். இடுப்பின் பின்புறம் பொறித்திருக்கும் ஆண்டையும் கையின் நிறத்தையும் ஒத்துப்பார்க்கவும். ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தால் ஈரமான இடத்தில் கிடந்தது என்று பொருள். உள்ளே கொக்கியும் துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாப் பழைய பொம்மையும் ஒரே மாதிரி வயதாவதில்லை. 1982 ஸ்னேக் ஐஸுக்கு வண்ணப்பூச்சே கிடையாது, முழுக்கக் கருப்பு. தேய்வதற்கு எதுவுமில்லாததால் முதல் கொள்முதலுக்கு அவனைப்போல் ஆளில்லை. 1983 டெஸ்ட்ரோவின் வெள்ளித் தலை உலோகப் பூச்சு. மூக்கும் புருவமும் முதலில் கருக்கும், திரும்பப் பூச வழியில்லை. 1984 ஸ்டார்ம் ஷாடோ வெள்ளை, அதனால் மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுப்பாக்கலாம், ஆனால் மஞ்சள் திரும்பி வரும், வண்ணம் பூசிய இடங்களும் பாதிக்கப்படலாம். அதே ஆண்டு வந்த ஸார்டானின் தோல் வெயில் பட்டால் நிறம் மாறும். குழந்தையாக இருந்தபோது அது மாயம், சேகரிப்பவருக்குத் தலைவலி. வெயில் படாத டப்பாதான் அவனுக்கு வீடு.

துணைக்கருவிகள் தனி உலகம். பிரேக்கர் என்ற பொம்மையின் மைக் மிகச் சின்ன சமாச்சாரம், பொம்மை கிடைத்துவிடும், மைக் கிடைக்காது. தனியாக வாங்கினால் பொம்மையைவிட அதற்கு விலை அதிகம் போவது இந்த உலகில் சகஜம். முழுமையான பொம்மையைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவதே மிச்சம். மென்மையான ரப்பர் போன்ற பாகங்களைப் பொம்மையின் மேல் ஒட்டியபடி வைக்க வேண்டாம், அவற்றிலிருந்து கசியும் மென்மையாக்கி கடினப் பிளாஸ்டிக்கை உருக்கிக் குழி விழவைக்கும். பி.வி.சி. உறைக்குப் பதில் பாலிதீன் பை போதும்.

2007 வரிசைக்கு வருவோம். ஓ-ரிங்கை எடுத்துவிட்டு, மார்பு மடிவதும் முழங்கால் இரட்டையாக மடங்குவதுமாகச் செய்தார்கள். இடுப்பில் ரப்பர் தெரியாது, உடல்வாகு நன்றாக இருக்கிறது. ஆனால் மூட்டு தளர்ந்தால் உள்ளே மாற்ற எதுவுமில்லை. தரையைப் பளபளப்பாக்கும் அக்ரிலிக் பாலிஷ் ஒரு சொட்டு விட்டு, காயும் வரை மூட்டை அசைத்துக்கொண்டே இருந்தால் ஓரளவு இறுகும், அவ்வளவுதான். பழைய வாகனங்களில் உட்காரவைக்கவும் இவை எப்போதும் வாகாக இருப்பதில்லை. விலை மலிவாக வந்தால் வாங்கலாம், தேடிப்போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கிளாசிஃபைட் பற்றிக் குறை சொல்ல மனம் வரவில்லை. தொடக்கத்தில் எதிர்காலக் கதைபோல் இருந்த உடைகள் பிறகு பழைய தோற்றத்துக்கு நெருங்கி வந்திருக்கின்றன. சிக்கல் இடம். ஆறு அங்குலத்தில் ஐம்பது பேரை நிறுத்தினால் ஒரு சுவர் போய்விடும், சிறிய அளவிலேயே 1985-இன் யு.எஸ்.எஸ். ஃபிளாக் விமானந்தாங்கிக் கப்பல் ஏழரை அடி நீளம் என்பதை நினைத்துக்கொள்ளவும். இந்த மூட்டுகள் நாற்பது வருடம் கழித்து எப்படியிருக்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. வரிசைக்கே அந்த வயதாகவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி ரப்பர் மாற்றும் வழி அதில் கிடையாது என்பது மட்டும் உறுதி.

பழையதன் அமைப்பு பிடிக்கிறது, பழையதன் தேய்மானம் பிடிக்கவில்லை என்பவருக்கு இடைவழி ஒன்றும் உண்டு. 2021-இல் ஸ்கைஸ்ட்ரைக்கர் என்ற பொம்மை விமானத்துக்கான முன்பதிவுத் திட்டத்தில் ஹாஸ்பரோ ஓ-ரிங் பொம்மைகளை மறுபடி கொண்டுவந்தது. உள்ளே அதே ரப்பர் என்பதால் அதற்கும் வயதாகும், அதனால் அவற்றை வாங்குகிறவரும் சிறிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றும் இரண்டு அளவு வளையங்களும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.