மஞ்சள் பூ பூத்தால் அது ஸ்ட்ராபெர்ரி இல்லை

மாடித்தோட்டத்தில் ஸ்ட்ராபெர்ரி வைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் நாற்றுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். "வெயில் தாங்கும், வருஷம் பூரா காய்க்கும்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டு விற்ற ஒருவரிடம் நான் 2,350 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். வந்தது ஸ்ட்ராபெர்ரியே இல்லை. அது தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

நாங்கள் ஓசூரில் இருக்கிறோம். கார்த்திகை, மார்கழியில் இங்கே நல்ல குளிர். ஸ்ட்ராபெர்ரிக்குப் பேர்போன மகாராஷ்டிர மலை ஊரான மகாபலேஷ்வரில் செப்டம்பர், அக்டோபரில் நட்டு, டிசம்பருக்கு மேல் பழம் பறிப்பார்கள். அதே கணக்கில் நாமும் பத்துத் தொட்டி வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ஸ்ட்ராபெர்ரி என்றால் உயிர். கடையில் சின்ன டப்பா வாங்கினாலும் பாதி நசுங்கி, அடியில் பூஞ்சை பிடித்துத்தான் இருக்கும். "நம்ம வீட்டிலேயே பறிச்சுத் தரேன் பாப்பா" என்று சொல்லிவிட்டேன்.

தோட்டக் குழு ஒன்றில் இந்த நபரின் எண் கிடைத்தது. "அக்கா, எல்லாம் ஊட்டி நாத்து. வேர் பிடிச்சு ரெடியா இருக்கு. நாப்பது நாள்ல பூ வந்துரும்" என்றார். நாற்று ஒன்று 90 ரூபாய், 20 நாற்று. கூரியர் 200. பழம் இனிக்க ஒரு திரவ உரம் 350. கூடவே நீல ஸ்ட்ராபெர்ரி விதை ஒரு பொட்டலம் இனாம். என்ன ரகம் என்று கேட்டேன். "ஹைப்ரிட் அக்கா" என்றார். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்ட்ராபெர்ரி வளர்க்கிறவர்கள் விண்டர் டான், கமரோசா, ஸ்வீட் சார்லி என்று பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். ஹைப்ரிட் என்பது ரகத்தின் பெயரே இல்லை. கடையில் நாம் வாங்கும் ஸ்ட்ராபெர்ரி எல்லாமே இரண்டு அமெரிக்கக் காட்டு இனங்கள் கலந்து உண்டான கலப்பினம்தான்.

பெட்டி வந்தது. மூன்று மூன்றாக இலை, ஓரம் ரம்பப் பல் மாதிரி, மெல்லிய கொடி. படத்தில் பார்த்த ஸ்ட்ராபெர்ரி இலை போலவே இருந்ததால் சந்தேகமே வரவில்லை. தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், செம்மண் கலந்து பைகளில் நட்டேன். குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகிவிடும் என்று படித்திருந்தேன். அதனால் ஒவ்வொரு செடியையும் குருத்து மண் மட்டத்துக்கு மேலே நிற்கிற மாதிரி விரலால் தூக்கித் தூக்கி வைத்தேன். அன்று ஒரு மாலை முழுக்க அதற்கே போனது.

செடிகள் அருமையாகப் படர்ந்தன. நவம்பர் கடைசியில் முதல் பூ. மகள்தான் பார்த்தாள். "அம்மா, மஞ்சப் பூ!" என்று மாடியிலிருந்து கத்தினாள்.

ஸ்ட்ராபெர்ரிப் பூ வெள்ளை. அழகுக்காக வளர்க்கும் சில ரகங்களில் இளஞ்சிவப்பாகவும் வரும். மஞ்சள் வரவே வராது. அன்று எனக்கு அது தெரியாது. படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். "மஞ்சள் பூ வெரைட்டி அக்கா, இதுதான் ரொம்ப இனிப்பு" என்று பதில் வந்தது. நம்பினேன்.

டிசம்பரில் பழம் பழுத்தது. சுண்டைக்காய் அளவு, நல்ல ரத்தச் சிவப்பு. ஸ்ட்ராபெர்ரி கனத்தில் தலைகீழாகத் தொங்கும். இதுவோ காம்பில் நிமிர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. விதைகள் பழத்தில் பதியாமல் சிவப்பு மணிகளாக வெளியே துருத்திக்கொண்டிருந்தன. மகள் முதல் பழத்தைப் பறித்து, கழுவி, பாதியைக் கடித்தாள். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "ஒண்ணுமே இல்லம்மா, பஞ்சு மாதிரி இருக்கு" என்று மீதியை என் கையில் வைத்தாள். வாசனை இல்லை, புளிப்பு இல்லை, இனிப்பும் இல்லை. உள்ளே வெறும் வெள்ளைப் பஞ்சு.

தாவரவியல் படித்த தோழி ஒருத்தி படத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டாள். இது பொட்டென்டில்லா இண்டிகா, போலி ஸ்ட்ராபெர்ரி. மலைப் பகுதிகளில் புல்தரையிலும் பாதையோரத்திலும் தானாகவே படரும் செடி. பூவுக்கு அடியில், நுனியில் மூன்று பல் வெட்டிய பச்சை இதழ்கள் தனியாக இருக்கும், அதைப் பார் என்றாள். பூவைத் திருப்பிப் பார்த்தேன், அப்படியே இருந்தது. விஷம் இல்லை, பயப்படாதே என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிள்ளைக்குத் தின்னக் கொடுத்துவிட்டேனே!

நீல விதை கதை இன்னும் மோசம். நீல நிற ஸ்ட்ராபெர்ரி என்று உலகில் ஒன்றும் இல்லை. இணையத்தில் சுற்றும் படங்களெல்லாம் நிறம் மாற்றியவை. கடைப் பழத்திலிருந்து ஒரு விதையை நகத்தால் சுரண்டி எடுத்துப் பாருங்கள், கடுகைவிடச் சிறிது. பொட்டலத்தில் இருந்தவை கடுகைவிடப் பெரிது. ஸ்ட்ராபெர்ரி விதை முளைக்கவே இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். இவை நான்காம் நாளே முளைத்து நின்றன. போதாததற்கு, விதையிலிருந்து வரும் செடி தாய்ச் செடி மாதிரி காய்க்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஓடுகொடியில் வேர்விட்ட கன்றை வைத்துப் பெருக்குகிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதுவரை "அக்கா" என்று கூப்பிட்டவர் அன்று "மேடம்" ஆக்கிவிட்டார். "நீங்க பராமரிச்ச விதம் சரியில்ல மேடம்" என்று ஒரு வரி. பராமரிப்பு சரியில்லை என்றால் செடி வாடும், சாகும். வேறு செடியாக மாறுமா? அதைக் கேட்டதும் என் எண்ணை முடக்கிவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். விற்றவரின் பெயர், முகவரி, ரசீது கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு செல்போன் எண்ணும் பணம் அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்டும் மட்டும். கூரியர் உறையில்கூட அனுப்புநர் இடத்தில் வெறும் எண்தான் எழுதியிருந்தது. முறையான இணையக் கடை என்றால், 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முகவரியே இல்லாத ஆளை அந்த விதியை வைத்துக்கொண்டு எங்கே தேடுவது?

ஆகவே ரகத்தின் பெயரைக் கேளுங்கள். தாய்ச் செடியில் பூவும் காயுமாக, அன்றைய தேதியோடு வீடியோ கேளுங்கள். பில் தராதவருக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் அனுப்பாதீர்கள். முடிந்தால் நேரில் போய், வெள்ளைப் பூவோடு நிற்கும் செடியையே வாங்குங்கள். சமவெளியில் கோடை வெயிலிலும் காய்க்கும் என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் எல்லாப் பைகளையும் கொட்டிவிட்டேன். அதற்குள் கொடி பக்கத்துத் தொட்டிகளுக்குத் தாவி வேர் விட்டிருந்தது. நேற்றும் ரோஜாத் தொட்டியிலிருந்து இரண்டு பிடுங்கினேன். ஒன்றில் மொட்டு இருந்தது.