ஒய்2கே பங்கில் நான் ஏமாந்தது: சிறு மென்பொருள் நிறுவனப் பங்கு வாங்குவோர் கவனத்திற்கு

சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றின் பங்கை வாங்கும்படி தெரிந்தவர் ஒருவர் வற்புறுத்துவதாகச் சென்ற வாரம் என் தங்கை மகன் சொன்னான். "இந்தத் தொழில்நுட்பம் இல்லாமல் இனி எந்தக் கம்பெனியும் நடக்காது மாமா" என்றான். ஏறக்குறைய இதே சொற்களை 1999 ஆகஸ்டில் சென்னையில் ஒரு சப்-புரோக்கர் (பங்குத் தரகரின் கீழ் இயங்கும் முகவர்) என்னிடம் சொன்னார். அதை நம்பி நான் இழந்ததை மற்றவர்களும் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அப்போது நான் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் பணியாற்றினேன். ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதிவைத்த பழைய கோபோல் நிரல்களில், 1998இல் போட்டு 2001இல் முதிரும் வைப்புத்தொகைக்கு, 01இலிருந்து 98ஐக் கழித்து, காலம் மைனஸ் 97 ஆண்டுகள் என்று கணக்கு வந்து நிற்பதை நாங்களே கண்டு திருத்தியிருந்தோம். ஆகவே 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் தேதியைத் தவறாகக் கணக்கிடும் என்ற இந்த ஒய்2கே சிக்கலை வெறும் பீதி என்றவர்களை நான் ஏற்றதே இல்லை. சிக்கல் உண்மை, அதைத் திருத்தும் வேலையும் உண்மை. என்னை ஏமாற்ற அந்த உண்மையே சப்-புரோக்கருக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் வாங்கச் சொன்ன பங்கு ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்துடையது. அந்த நிறுவனம் தன்னிடம் உள்ள மென்பொருள், நிரல்களில் தேதிப் புலங்களை (தேதியைப் பதியும் இடங்களை) தானாகவே கண்டுபிடித்துத் திருத்திவிடும் என்று விளம்பரம் செய்தது. பிறந்த தேதிக்கு ஒருவர் தம் பெயரின் முதலெழுத்துகளையே புலப்பெயராக வைத்திருந்த நிரல்களை வரி வரியாகப் படித்துத் திருத்திய எனக்கு, இது எவ்வளவு மிகையான பேச்சு என்று தெரிந்திருக்க வேண்டும். என்னுடன் பணியாற்றிய மூத்தவர் ஒருவர் வேறொன்றையும் கேட்டார்: "கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல்காரருக்கு அந்த வீட்டில் என்ன வேலை? டிசம்பர் 31க்குப் பிறகு இந்தக் கம்பெனி எதை விற்கும்?" நான் அதையே சப்-புரோக்கரிடம் கேட்டேன். ஒய்2கே மூலம் கிடைத்த அமெரிக்க வாடிக்கையாளர்கள் அடுத்த வேலைகளையும் இவர்களுக்கே தருவார்கள் என்றார் அவர். இன்ஃபோசிஸ் அந்த மார்ச்சில்தான் நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தது; அதைச் சுட்டிக்காட்டி, இதுவும் அப்படி வளரும் என்றார். பெரிய நிறுவனங்கள் சிலவற்றுக்கு அவர் சொன்னது நடக்கவும் செய்தது. ஆனால் இந்த நிறுவனத்திடம் அப்படியொரு ஒப்பந்தமாவது இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

ரூ. 184 வீதம் 500 பங்குகள் வாங்கினேன். மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்துவைத்த ரூ. 92,000 அதில் போயிற்று.

சென்செக்ஸ் முதன்முறையாக 6,000ஐத் தொட்ட 2000 பிப்ரவரியில் அந்தப் பங்கும் ரூ. 600ஐத் தாண்டியது. விற்க வேண்டும் என்று நான் சொன்னபோது, காகிதச் சான்றிதழ்களாக வந்த என் பங்குகள் பெயர் மாற்றத்துக்காக நிறுவனத்தின் பங்குதாரர் பதிவேட்டைக் கவனிக்கும் பதிவாளரிடம் கிடந்தன. விற்றவரின் கையொப்பம் பொருந்தவில்லை என்ற குறிப்போடு அவை திரும்பி வந்தன. திருத்தி மீண்டும் அனுப்பி, கைக்குக் கிடைத்தபோது மே மாதம் பிறந்துவிட்டது. மார்ச் 10 அன்று 5,048 புள்ளிகளில் முடிந்த நாஸ்டாக் குறியீட்டெண் அதற்குள் சரிந்திருந்தது. நான் வைத்திருந்த பங்கோ ஒரே நாளில் விலை இறங்க அனுமதித்த கீழ் வரம்பை நாள்தோறும் தொட்டு, வாங்குவோர் ஒருவரும் இன்றி நின்றது. அடுத்த ஆண்டு அதன் விலை ரூ. 9.

பிறகுதான் 1999 மார்ச்சுடன் முடிந்த ஆண்டுக்கான அறிக்கையை முழுதாகப் படித்தேன். வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு ஒய்2கே பணியிலிருந்து மட்டுமே வந்திருந்தது. அந்த விற்பனையிலும் பாதிக்கு மேல் வாடிக்கையாளர்களிடமிருந்து இன்னும் வராத பாக்கி. நான் வாங்குவதற்கு முன்பே அச்சிடப்பட்ட அறிக்கை அது. அதில் லாபம் என்ற ஒற்றை வரியை மட்டுமே அப்போது பார்த்திருந்தேன். மறு ஆண்டு அறிக்கையில் நிறுவனர்களின் பங்கு 41 விழுக்காட்டிலிருந்து 17ஆகக் குறைந்திருந்தது. பதிவாளரிடம் என் சான்றிதழ்கள் முடங்கிக் கிடந்த மாதங்களில் அவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே என் மருமகனிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்: வருவாய் எந்தெந்தப் பணியிலிருந்து வருகிறது, அதில் எவ்வளவு பணமாகக் கைக்கு வந்திருக்கிறது, நிறுவனர்கள் தங்கள் பங்கை விற்கிறார்களா என்ற மூன்றையும் ஆண்டறிக்கையில் நீங்களே பாருங்கள். பங்கை விற்க வருபவர் படித்துச் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

வாங்கிய பங்குக்குத் தரகர் தரும் முறையான ஒப்பந்தக் குறிப்பையும் (கான்ட்ராக்ட் நோட்) கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எனக்கு சப்-புரோக்கர் தந்தது, எண்ணிக்கையும் விலையும் பேனாவால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு மட்டுமே. பங்குச் சந்தையின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு நான் அனுப்பிய புகார், சந்தையில் உறுப்பினராக உள்ள தரகரின் ஒப்பந்தக் குறிப்பு இணைக்கப்படவில்லை என்ற காரணத்தால் திரும்பி வந்தது. சப்-புரோக்கரின் அலுவலகம் அதற்கு முன்பே காலியாகிவிட்டது. பின்னர் அந்தப் பங்கின் வர்த்தகமும் நிறுத்தப்பட்டது. சான்றிதழ்கள் பீரோவில் இருக்கின்றன. விற்பனையே நடக்காததால், அந்த இழப்பை வருமான வரிக் கணக்கில் மூலதன நட்டமாகக் காட்டவும் எனக்கு வழி கிடைக்கவில்லை.